வாயிலுக்கேற்ற கதவும் கதவுக்கேற்ற வாயிலும்

கதவுக்கு உரிய தொழில் இரண்டு: வேண்டும்போது வழிவிடுதல், வேண்டாதபோது வழியடைத்தல். தீத்தடைக் கதவு எனப்படுவதற்கு மூன்றாவதொரு தொழிலும் உண்டு. ஓர் அறையில் எழுந்த நெருப்பையும் புகையையும் குறித்த காலவளவுக்கு அவ்வறையினுள்ளேயே அடக்கி, மேல்மாடியில் உறங்குவோர் படிக்கட்டு வழியாக இறங்கி உயிர்தப்புதற்கு அவகாசம் அளித்தலே அதுவாகும். இத்தொழிலை அது தன் ஆயுளில் ஒருமுறையேனும் செய்யாமற் போகலாம். செய்ய நேரின் ஒரே ஒருமுறைதான் செய்யும். அம்முறை அது தவறுமோ தவறாதோ என்பதை முன்னரே கண்ணாற் கண்டு துணிதல் அரிது. பொருத்திய தச்சன் விளிம்பிற் சீவித்தள்ளிய சில மில்லிமீற்றரில் அதன் பயன் முழுவதும் அழிந்திருக்கக்கூடும். ஆயினும் வண்ணம் பூசி முடிந்தபின் நல்ல கதவுக்கும் கெட்ட கதவுக்கும் வேற்றுமை தோன்றாது.

இங்கிலாந்தின் பழைய வீடுகளில் இச்சீவுதலுக்கு அடிக்கடி தேவை ஏற்படுகின்றது. விக்டோரியா மகாராணியார் ஆண்ட 1837 முதல் 1901 வரையுள்ள காலத்தில் இலண்டன் முதலிய நகரங்களில் வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் எழுந்தன. அவற்றின் வாயில்கள் ஒரே அளவினவல்ல. விருந்தினரை வரவேற்கும் முன்னறைக்கு அகன்ற கதவும், பின்னறைக்கு ஒடுங்கிய கதவும், மேல்மாடிச் சிற்றறைக்குத் தாழ்ந்த கதவுமாக ஒரே வீட்டிலேயே மூன்று நான்கு அளவுகள் காணப்படும். இன்று அந்நாட்டுக் கடைகளில் விலைப்படும் உட்கதவுகளோ சில நியம அளவுகளுக்குள் அடங்குவன. பழைய அளவையில் உயரம் 6 அடி 6 அங்குலம். அகலம் 2 அடி 3 அங்குலம், 2 அடி 6 அங்குலம், 2 அடி 9 அங்குலம் என்பன பெருவழக்கு. மில்லிமீற்றரிற் கூறின் உயரம் 1981. அகலம் முறையே 686, 762, 838. மீற்றரளவையில் தோன்றிய மற்றொரு வரிசைக்கு உயரம் 2040, அகலம் 726, 826, 926. இவற்றுள் எதுவும் பொருந்தாத வாயில்கள் பழைய தெருக்களில் எண்ணிறந்தன. போதாக்குறைக்கு, இலண்டன் நகரின் பெரும்பகுதி களிமண் நிலத்தின்மேல் அமைந்தது. அக்களி கோடையிற் சுருங்கும், மாரியிற் பொருமும். நூறாண்டு அதன்மேல் நின்ற வீட்டில் நிலைகள் சாய்ந்து, நேர்கோணம் இழந்து நிற்றல் வியப்பன்று.

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீட்டில் இவ்விடர் இல்லை. அங்கே நல்ல நாளில் நிலையை நிறுத்தி, அந்நிலையை அளந்தே தச்சன் கதவைச் செய்வான். இங்கிலாந்தின் வீடுகளிலும் முதன்முதலில் அவ்வாறே நடந்தது. அக்கதவை அகற்றிவிட்டு, அவ்வாயிலை ஒருபோதும் காணாத ஆலையொன்றிற் செய்த கதவைக் கொண்டுவந்து மாட்ட முயலும்போதுதான் சிக்கல் பிறக்கின்றது.

பழைய கதவை ஏன் அகற்ற வேண்டும் என வினவலாம். இரண்டு மாடி வீட்டின் கூரைக்குக் கீழுள்ள வெற்றிடத்தை அறையாக மாற்றுவோர் அங்கு மிகப் பலர். அங்ஙனம் மாற்றியவுடன் வீடு மூன்று தளம் உடையதாகின்றது. மூன்றாந் தளத்திலிருந்து சாளரத்தின் வழியே குதித்து உயிர்தப்புதல் இயலாது. படிக்கட்டு ஒன்றே வழி. ஆதலின் அப்படிக்கட்டை நோக்கித் திறக்கும் அறைகளுக்குத் தீயைத் தாங்கும் கதவுகள் வேண்டும் என அந்நாட்டுக் கட்டட விதிகளை விளக்கும் அரச ஏடு கூறுகின்றது. வீட்டோடு ஒட்டிய மோட்டார்க் கொட்டிலுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கதவும் அத்தகையதாதல் வேண்டும். பலர் தனித்தனி அறைகளில் வாடகைக்கு வாழும் வீடுகளிலும், தொடர்மாடி இல்லங்களின் வாயில்களிலும் இது இன்னும் கண்டிப்பானது. கூரையறை உள்ள வீட்டுக்கு 20 நிமிடம் தாங்கும் கதவே போதும் என விதி கூறினும், கடைகளில் எளிதிற் கிடைப்பது 30 நிமிடம் தாங்குவதேயாதலின் அதையே எல்லோரும் வாங்குவர். அதனை எவ்.டி. 30 எனக் குறிப்பர். 60 நிமிடக் கதவு எவ்.டி. 60 ஆகும். புகையையும் தடுப்பதாயின் ஈற்றில் எஸ் என்னும் எழுத்துச் சேரும். சாதாரண உட்கதவின் கனம் பெரும்பாலும் 35 மில்லிமீற்றர், எவ்.டி. 30 கதவின் கனம் 44, எவ்.டி. 60 கதவின் கனம் 54.

இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? 1897ஆம் ஆண்டில் இலண்டனிலே கிரிப்பிள்கேற் பகுதியிற் பெருந்தீ ஒன்று மூண்டு பல பண்டசாலைகளை அழித்தது. அவ்வாண்டிலேயே எட்வின் சாக்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் முயற்சியால் பிரித்தானியத் தீத்தடுப்புக் குழு தோன்றிற்று. தளம், சுவர், கதவு முதலிய கட்டட உறுப்புகளை உண்மையான உலைத்தீயில் நிறுத்திச் சோதித்து முடிவுகளை வெளியிடுதல் அதன் பணி. அப்பணியின் வழிவந்ததே 1932இல் முதன்முதல் வெளியான பிரித்தானிய நியமம் 476. பின்னர் ஐரோப்பிய நியமமும் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் இவ்விரண்டும் இப்போது அருகருகே வழங்குகின்றன; தீத்தாங்கும் தன்மையைப் பழைய நியமத்தின்படி வகுக்கும் முறை 2029 செப்ரெம்பர் 2ஆம் நாளுடன் விதிநூலினின்றும் நீங்கவுள்ளது.

சோதனை நிகழும் முறை பின்வருமாறு. கதவை அதன் நிலை, பிணைச்சல், பூட்டு என்பவற்றோடு ஒரு சுவரிற் பொருத்தி, அச்சுவரை உலையின் வாயாக நிறுத்துவர். உலையின் வெப்பநிலை குறித்த வளைகோட்டின்படி ஏறும்: 5 நிமிடத்தில் ஏறத்தாழ 576 பாகை செல்சியஸ், 30 நிமிடத்தில் 842, 60 நிமிடத்தில் 945. கதவின் வெளிப்புறத்தில் வெடிப்போ இடைவெளியோ தோன்றும் இடத்தில் பஞ்சுத் துண்டொன்றைப் பிடிப்பர். பஞ்சு தீப்பற்றினால் கதவு தோற்றதாகும். வெளிப்புறத்திற் சுவாலை 10 வினாடிக்கு மேல் நின்றெரியினும் தோல்வியே. ஈண்டு உற்று நோக்கவேண்டியது ஒன்றுண்டு. உலையில் நின்றது வெறும் பலகையன்று. நிலையும் பிணைச்சலும் இடைவெளியும் கூடிய முழுத் தொகுதியே நின்றது. முப்பது நிமிடம் என்னும் சான்று அத்தொகுதிக்கே உரியது. அதன் உறுப்பொன்றை மாற்றினாலும், அளவொன்றைக் குறைத்தாலும், சோதனையில் வென்ற பொருளும் வீட்டிற் பொருத்திய பொருளும் வெவ்வேறாகிவிடும்.

மரம் எரியும் பொருளாயிருக்க, மரக்கதவு தீயை எவ்வாறு தடுக்கும் என்னும் ஐயம் இயல்பானது. எரியும் மரத்தின் மேற்பரப்பிற் கரிப்படை உண்டாகின்றது. அக்கரி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. ஆதலின் மென்மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் வீதமே கரிந்து செல்லும். அடர்ந்த வன்மரம் அதனினும் மெதுவாகக் கரியும். இக்கணக்கின்படி அரைமணி நேரத்திற் கரிவது 20 மில்லிமீற்றர் அளவே. 44 மில்லிமீற்றர்க் கதவின் நடுப்பகுதியிற் பாதிக்குமேல் அப்போதும் எஞ்சியிருக்கும். எனவே திண்ணிய கதவின் நடுவே தீ துளைத்து வெளிவருதல் அரிது. அது வெளிவரும் இடம் விளிம்பு. கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியிற் சுடுவளி பாயும்போது இருபுறத்து மரமும் ஒருங்கே எரியும், இடைவெளி அகலும், அகன்ற வழியே மேலும் சுடுவளி பாயும். தீப்பட்ட பக்கம் ஈரம் இழந்து சுருங்கக் கதவும் வளைய முயலும். மூலைகள் நிலையை விட்டு விலகப் பார்க்கும்.

இவ்விடைவெளியை அடைத்தற்கு அமைந்தது வீங்குபட்டி. கதவின் விளிம்பிலோ நிலையிலோ வெட்டிய காடியுள் இப்பட்டி பதிந்து கிடக்கும். சாதாரண காலத்தில் அது 4 மில்லிமீற்றர் அளவே கனமுள்ள எளிய கீற்று. பட்டியில் அடங்கிய பொருளுக்கேற்ப, வெப்பநிலை 100 பாகையைக் கடந்து ஏறத்தாழ 200 பாகையை அடைவதற்குள் அது பலமடங்கு பொங்கி இடைவெளியை நிரப்பிவிடும். ஆயின் அது நிரப்பக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை உண்டு. கதவின் மேற்புறத்திலும் இருபக்கத்திலும் 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுக என்றும், 2க்குக் குறையாமலும் 4ஐக் கடவாமலும் அது இருத்தல் வேண்டும் என்றும் பொதுவாகக் கூறுவதன் காரணம் இதுவே. அந்நாட்டு ஒரு பவுண் நாணயத்தின் கனமும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றரேயாதலின், இடைவெளியைச் சோதிக்கச் சட்டைப்பையிலுள்ள நாணயமே போதும் என்பர். எளிய உபாயமாயினும் நல்ல உபாயம்.

கதவின் அடிப்புறத்துக்கு விதி வேறு. எரியும் அறையிற் சுடுவளி மேலெழுந்து தேங்குவதால், அறையின் மேற்பகுதியில் அமுக்கம் கூடும், கீழ்ப்பகுதியிற் குறையும். எனவே மேலிடைவெளி வழியாகத் தீ வெளியே தள்ளும். கீழிடைவெளி வழியாகக் குளிர்ந்த வளி உள்ளே செல்லும். ஆதலாற் கீழே 8 மில்லிமீற்றர் அளவான இடைவெளியும் தீயைப் பொறுத்தமட்டிற் பல கதவுகளுக்கு ஏற்புடையது. புகையின் செய்தி அவ்வாறன்று. தீயின் தொடக்கத்திற் புகை அவ்வளவு சூடின்றிப் பரவும். வீங்குபட்டி அப்போது விழித்தெழாது. உறங்குவோரைக் கொல்வது பெரும்பாலும் சுவாலையன்று, புகையும் அதிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுமே. ஆகையாற் புகைத்தடை வேண்டிய இடத்தில் பக்கங்களுக்குத் தூரிகை போன்ற மயிர்ப்பட்டியும், அடியில் 3 மில்லிமீற்றருக்கு மேற்படாத இடைவெளியும், அன்றேற் கதவு மூடும்போது தானே இறங்கித் தரையைத் தொடும் அடிப்பட்டியும் அமைத்தல் வேண்டும்.

இனிச் சீவுதலுக்கு வருவாம். தச்சனின் சீவுளி படும் இடமும் விளிம்பே. தீ தேடும் இடமும் விளிம்பே. இவ்வொற்றுமையே இப்பொருளின் இடர் முழுவதும். ஆலையிற் செய்த தீத்தடைக் கதவின் உள்ளீடு பெரும்பாலும் மரத்துகளை அழுத்திச் செய்த பலகை, ஆளிச்செடித் தண்டின் துகளாற் செய்த பலகை, ஒட்டிச் சேர்த்த மரக்கீற்றுகள் என்பனவற்றுள் ஒன்றாகும். அதனைச் சுற்றி வன்மரத்தால் விளிம்புச்சட்டம் ஒட்டியிருப்பர். பிணைச்சலின் திருகாணியைப் பிடித்துக்கொள்வதும், ஓரத்தைக் கரியாமற் காப்பதும் அச்சட்டத்தின் வேலை. பக்கத்தில் அளவுமீறிச் சீவினாற் சட்டம் மெலியும். இன்னும் சீவின் சட்டம் அற்று உள்ளீடு வெளிப்படும். துகட்பலகையிற் செருகிய திருகாணி ஏறத்தாழ 40 கிலோகிராம் எடையுள்ள கதவை நெடுங்காலம் தாங்குமென எதிர்பார்ப்பது பேதைமை. விளிம்பிலேயே வீங்குபட்டி பதித்த கதவாயின், சீவச்சீவ அதன் காடியும் ஆழம் குறைந்து பட்டி புறத்தே துருத்தும்.

ஆகவே ஒவ்வோர் உற்பத்தியாளரும் தம் கதவின் எப்பக்கத்தில் எவ்வளவு சீவலாம் என்பதைக் கதவோடு வரும் தாளில் வரையறுத்துள்ளனர். சில கதவுகளுக்குப் பக்கம் ஒன்றுக்கு 3 மில்லிமீற்றரே இசைவு. திண்ணிய மரத்தாலான சிலவற்றுக்கு அதனினும் கூடுதல். எல்லாக் கதவுக்கும் பொதுவான எண் ஒன்றில்லை. அண்டை வீட்டான் சீவிய அளவு இவ்வீட்டுக் கதவுக்குச் சான்றாகாது. கதவை வாங்குமுன் அத்தாளைக் கேட்டுப் படித்தலே முதற்காரியம். பலர் கதவைச் சீவி மாட்டிவிட்டுப் பின்னரே அதனைப் படிக்கின்றனர். சிலர் கதவைச் சுற்றிவந்த உறையோடு அதனையும் எறிந்துவிடுகின்றனர்.

உண்மைத் தீத்தடைக் கதவை இனங்காணும் வழியும் அறியத்தக்கது. சான்றளிக்கும் திட்டங்களுள் ஒன்றில் உற்பத்தியாளர் பெயரும் சான்றெண்ணும் பொறித்த சிட்டை கதவின் மேல்விளிம்பில் ஒட்டப்பட்டிருக்கும். மற்றொன்றில் மரவுருப் பொறித்த நிறமுள்ள சிறு முளை கதவின் விளிம்பிற் பதிந்திருக்கும். சீவுவோர் மேல்விளிம்பிற் கைவையாமைக்கு இச்சிட்டையும் ஒரு காரணம். அதனைச் சீவியெறிந்த கதவு பெயரிழந்த கதவு. கனம் 44 மில்லிமீற்றர் என்பதனாலோ, தட்டியபோது திண்ணென்று ஒலிப்பதனாலோ ஒரு கதவைத் தீத்தடைக் கதவெனத் துணிதல் தகாது. உள்ளே கடதாசித் தேன்கூடு மாத்திரம் உள்ள இலேசான கதவுகளும் அங்குப் பெருவழக்கு. அவை வெளித்தோற்றத்தில் நல்ல கதவுகளே போல்வன.

உரிய கதவைத் தேடுமுன் வாயிலை அளத்தல் வேண்டும். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்றிடத்திலும், உயரத்தை இரு நிலைக்காலின் அருகிலும் அளப்பர். மூலைக்கு மூலை குறுக்காக அளந்த இரண்டு நீளமும் ஒத்திருந்தால் நிலை நேர்கோணமுடையது, ஒவ்வாதாயின் சாய்ந்தது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வாம். வாயிலின் அகலம் 810 மில்லிமீற்றர், உயரம் 1990. உயரம் இடர்தராது: 1981 மில்லிமீற்றர்க் கதவை மாட்டினால் மேலே 3, கீழே 6 எஞ்சும். இடர் அகலத்திலேதான். இருபக்கமும் 3 விட்டாற் கதவு 804 ஆதல் வேண்டும். கடையிலுள்ள 838 மில்லிமீற்றர்க் கதவை அந்த அளவுக்குக் கொணர 34 மில்லிமீற்றர் சீவவேண்டும். பக்கம் ஒன்றுக்கு 17. பக்கத்துக்கு 3 மாத்திரமே இசைந்த கதவில் இது செய்யலாகாதது. வாளும் கையும் உள்ளவன் பத்து நிமிடத்தில் இதனைச் செய்துவிடுவான் என்பதே இங்குள்ள அபாயம். அவ்வாறு அரிந்த கதவு வாயிலில் அழகாகப் பொருந்தும், திறக்கும், மூடும், தீயை மாத்திரம் தடுக்குமெனச் சொல்ல எவராலும் முடியாது.

இந்நிலையிற் செய்யத்தக்கன சில. முதலாவது, கதவைச் சிறிதாக்காமல் வாயிலைச் சிறிதாக்குதல். 762 மில்லிமீற்றர்க் கதவுக்கு 768 அகலமுள்ள வாயில் போதும். 810இல் எஞ்சுவது 42. பழைய நிலையைக் கழற்றிவிட்டு, கதவின் சான்றிதழ் குறிக்கும் மரத்தாலும் கனத்தாலும் புதிய நிலை செய்து நிறுத்தினால் அந்த 42உம் நிலைக்குள் அடங்கிவிடும். வழி சற்றே ஒடுங்கும்; கட்டிலும் அலுமாரியும் மாடிக்கு ஏற்றுவோர் முணுமுணுப்பர். சக்கர நாற்காலியிற் செல்வோர் உள்ள வீட்டில் இது முணுமுணுப்போடு நில்லாதாதலின் அங்கு வேறுவழி காணவேண்டும். இரண்டாவது, வாயிலின் அளவைக் கொடுத்து ஆலையிலேயே கதவைச் செய்வித்தல். தீத்தடைக் கதவுக்கென 2440 மில்லிமீற்றர் உயரமும் 1220 மில்லிமீற்றர் அகலமும் உள்ள பெரும்பலகைகள் உள்ளன. அவற்றை வேண்டிய அளவுக்கு அரிந்து, அதன்பின் புதிதாக விளிம்புச்சட்டம் ஒட்டிச் சான்றிடுதற்கு அனுமதி பெற்ற பட்டறைகள் உண்டு. அரிதல் முன்னும் விளிம்பு பின்னுமாக அமைவதால் இம்முறையிற் குறைவில்லை. விலை கூடும்; வாரக்கணக்கிற் காத்திருக்கவும் நேரும். மாடிப்படிக்குக் கீழுள்ள அறை போன்ற மிகச் சிறிய அல்லது சரிந்த வாயில்களுக்கு இதுவே வழி. மூன்றாவது, கூடுதலாகச் சீவ இசைவுள்ள திண்மரக் கதவைத் தேடிப் பெறுதல். தேவை பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றரே ஆயின் இது எளிது. அரிந்த விளிம்பில் வீட்டிலேயே புதிய மரச்சட்டம் ஒட்டிச் சரிக்கட்டலாமோ எனின், உற்பத்தியாளர் தாளில் மரத்தின் அடர்த்தியும் பசையின் வகையும் கூறி அனுமதித்திருந்தால் மாத்திரம் ஆம்.

பெறுமதிமிக்க பழங்கதவு உள்ள வீட்டில் மற்றொரு நெறியும் உண்டு. வரலாற்றுச் சிறப்பால் அரசு பாதுகாக்கும் கட்டடங்களில் மூலக்கதவை அகற்ற எளிதில் இசைவு கிடையாது. நாற்சட்டத்துள் மெல்லிய பலகைகள் பதித்த அக்கதவுகளிற் சட்டம் கனமானது. நடுவிலுள்ள பலகைகளே மெலிந்தவை. அப்பலகைகளின் மேல் வீங்கும் தாளையோ பூச்சையோ இட்டு, விளிம்பில் வீங்குபட்டி பதித்து, அதன் உருவம் கெடாமல் வலிவூட்டுவர். இது திறமைமிக்கோர் ஆராய்ந்து செய்யவேண்டிய வேலை. கடையில் ஒரு தகரம் வண்ணம் வாங்கிப் பூசிவிட்டால் முடிவதன்று.

இசைந்த அளவுக்குள் சீவுதல் போதுமென்று கண்டபின், செய்யும் முறையிலும் கவனம் வேண்டும். முழுவதையும் ஒரே பக்கத்திற் சீவாமல் இருபக்கத்துக்கும் சமமாகப் பகிர்தல் நன்று. மேற்படலம் பிளவாமல் வெட்டுக்கோட்டைக் கூரிய கத்தியாற் கீறிக்கொள்வர். மிகுதி கூடியதாயின் வழிகோல் வைத்து வட்டவாளால் அரிந்து, எஞ்சியதைச் சீவுளியால் ஒப்பமாக்குவர். அடிவிளிம்பிற் பக்கச்சட்டங்களின் இழைமுனை எதிர்ப்படுமாதலின், மூலையிலிருந்து நடுநோக்கிச் சீவுதல் வேண்டும். மூலைநோக்கிச் சீவினால் ஓரம் சிதறும். பூட்டுள்ள பக்கத்து விளிம்பை இரண்டு மூன்று பாகை சாய்த்துச் சீவினாற்றான் கனத்த கதவு நிலையில் உரசாமல் மூடும். சீவிய மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்குமாதலால், வெட்டிய விளிம்புகளுக்கெல்லாம் அன்றே பூச்சிடுவர். அடிவிளிம்பு கண்ணுக்குத் தெரியாதென்று பூசாமல் விடுவோரே பெரும்பாலார். அதன்பயன் மறு மாரியிற் கதவு இறுகுதலும், மீண்டும் சீவுளி வருதலும், இசைந்த எல்லை மெல்லக் கடந்துபோதலுமாகும்.

நிலையின் பக்கத்திலும் செய்யவேண்டியன உண்டு. பழைய கதவு 35, புதியது 44 என்பதால், கதவு சென்று முட்டும் தடுப்புச்சட்டத்தை 9 மில்லிமீற்றர் பின்னகர்த்தவேண்டும். நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெற்றிடம் மூடுபலகையால் மறைந்து கிடப்பதாற் பலர் அதனை மறந்துவிடுகின்றனர். நன்கு சீவிய கதவைச் சுற்றிச்சென்று தீ அவ்வழியே வெளிவரும். அவ்விடத்தைப் பாறைப்பஞ்சாலோ வீங்கும் பசையாலோ இறுக அடைத்தல் வேண்டும். தீச்சோதனை பெறாத சாதாரண நுரை ஆகாது. பிணைச்சல் பெரும்பாலும் மூன்று வேண்டும். அவை உருக்கினாலோ பித்தளையாலோ ஆனவையாதல் முறை. அலுமினியம் 660 பாகையில் உருகுவது. உலையின் கணக்கின்படி கால்மணி நேரத்துக்குள்ளேயே அந்த வெப்பநிலை கடந்துபோகும். பூட்டுக்காகக் கதவிற் குடையும் பொந்து விளிம்பின் வலிமையைக் குறைப்பதால், அப்பொந்தினுள்ளும் வீங்குதாள் இடப் பல உற்பத்தியாளர் விதிப்பர். தொடர்மாடி வாயிலிலும் வாடகை வீடுகளின் பொதுவழியிலும் கதவைத் தானே மூட்டும் பொறியும் வேண்டும். கதவு எத்துணைச் சிறந்ததாயினும் திறந்துகிடந்தாற் பயனில்லை.

இவை வெறும் ஏட்டுச் செய்திகளல்ல என்பதற்கு இலண்டனில் 2017 யூன் 14ஆம் நாள் நிகழ்ந்த கிறென்பெல் கோபுரத் தீ சான்றாக நிற்கின்றது. அதில் 72 பேர் மாண்டனர். அத்தீ பரவியதற்கு வெளிச்சுவரின் உறையே முதற்காரணம். ஆயினும் இல்லங்களின் வாயிற் கதவுகள் புகையை அடக்காமையும், சில கதவுகளில் மூடுபொறி பழுதுற்றும் கழன்றும் இருந்தமையும், தப்பியோடும் பாதையிற் புகை நிறைதற்கு உதவின என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அக்கட்டடத்தில் எரியாது எஞ்சிய கதவொன்றைப் பின்னர் உலையிற் சோதித்தபோது, 30 நிமிடம் தாங்கவேண்டிய அது ஏறத்தாழ 15 நிமிடமே தாங்கியது. அது மரக்கதவன்று, வேறு பொருள்களாலான கூட்டுக் கதவு. சீவியதால் வந்த கேடுமன்று. எனினும், சோதனையில் வென்ற கதவும் வாயிலில் நிற்கும் கதவும் ஒன்றே என்று எவரும் உறுதிசெய்யாவிடின் என்ன நேரும் என்பதை அந்நாடு அன்று கண்டது. 2023 சனவரி 23ஆம் நாள் முதல், இங்கிலாந்தில் 11 மீற்றருக்கு மேல் உயர்ந்த தொடர்மாடிகளிற் பொதுவழித் தீத்தடைக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இல்லங்களின் வாயிற் கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறை இயன்றவரையும் சோதித்தல் சட்டக் கடமையாயிற்று.

சோதிக்க வருவோர் கண்ணாடியும் விளக்கும் கொண்டு முதலில் மேல்விளிம்பிற் சிட்டையைத் தேடுவர். பின்னர் இடைவெளிகளை அளப்பர். கதவைப் பாதி திறந்து கைவிட்டு, அது தானே சென்று பூட்டு விழ மூடுகின்றதோ என்று பார்ப்பர். எவ்வளவு சீவப்பட்டது என்பதை அவர்களாலும் கதவைக் கொண்டு கூறமுடியாது. அதனைக் கூறவல்லன கதவோடு வந்த தாளும், வாங்கியபோதிருந்த அளவும் பொருத்தியபோதிருந்த அளவும் குறித்த தச்சனின் சீட்டுமே. இவற்றை வீட்டு உறுதியோடு சேர்த்து வைத்துக்கொள்வோர் இப்போது அங்குச் சிலர் உளர்.